மீன் பக்கம்

வெட்டாதே. சுரண்டாதே. அமிலத்தில் போடாதே.
கேள், போதும்.

சபேலா ஓதேரோ கேட்கிறாள்.
கலீசியக் கடலோரம், மத்தி அடைக்கும் ஆலை,
மழை, அதிகாலை மூன்றேகால்.
மேடையில் தகட்டை வைத்து மூடியைச் சாத்துகிறாள்.
கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இறங்குகிறது.
வெள்ளீயம் அதற்கு ஒரு குரலில் பதில் சொல்லும்,
கீழே இருக்கும் எஃகு இன்னொரு குரலில்.
பூச்சு எவ்வளவோ அவ்வளவு சத்தம்.
பன்னிரண்டு விநாடி. திரையில் ஓர் எண்.
தகடு போனபடியே திரும்பி வருகிறது,
அதன்மேல் பதிந்த அவள் கட்டைவிரல் ரேகையும் கலையாமல்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் இந்தப் பெட்டி இல்லை.
காசளவு வில்லை வெட்டி
அமிலத்தில் முக்குவதற்கு முன்னும் பின்னும் நிறுப்பார்கள்.
விடை சரியாகவே கிடைக்கும்.
விடை சொன்னது மிஞ்சாது.

ஒன்று புள்ளி ஒன்று.

இருக்க வேண்டியது இரண்டு புள்ளி எட்டு:
சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்.
மைக்ரான் கணக்கில் அரைகூடத் தேறாது.
மீனுக்கும் இரும்புக்கும் நடுவே
அந்த அரைகூடத் தேறாததை நம்பித்தான்
நான்கு வருடம் கெடாது என்று மூடியில் அச்சடிக்கிறார்கள்.

மறுபடி வைத்தாள். ஒன்று புள்ளி ஒன்று.
மூலையில், ஒன்று புள்ளி பூஜ்யம்.
கருவிமேல் சந்தேகம் வந்து
அளவு தெரிந்த மாதிரித் தகட்டை வைத்துப் பார்த்தாள்.
கருவி பொய் சொல்லவில்லை.

எலாதியோ ஓடி வந்தார், ஒரு காலுறை மட்டும் போட்டுக்கொண்டு.
"உருக்காலைக்காரன் நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான்!"
துறையில் இரண்டு படகு நிற்கிறது,
பனிக்கட்டிக்குள் மத்தி; அது யாருக்காகவும் காத்திருக்காது.
அவர் போனில் கத்தக் கத்த
தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்
எங்கோ "யாரு? யாரு?" என்கிறது.
அடுக்கை இயந்திரத்தில் ஏற்றிய பெனிக்னோ
தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சபேலா தகட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தாள்.
இந்தப் பக்கம் வெறுமை.
அந்தப் பக்கம், மயிரிழை மாதிரி, இணை இணையாகக் கோடுகள்.

திருப்பிப் போட்டாள்.
பன்னிரண்டு விநாடி.
இரண்டு புள்ளி எட்டு.

உள்ளொன்று புறமொன்று என்று ஆட்களைத்தான் திட்டுவோம்.
இந்தத் தகட்டை அப்படியே செய்து தரச்சொல்லிக்
காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்:
மீன் தொடும் பக்கம் தடிப்பு,
நாம் பார்க்கும் பக்கம் மெலிசு.
மாலையிலிருந்து ஆலை
நல்ல முகத்தைக் கடைவீதிக்குக் காட்டிவிட்டு
மீனுக்கு மற்றதைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எலாதியோ போனை இன்னும் வைக்கவில்லை.
மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில்
மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி வைத்தார்.

அதற்குள் அடைத்து மூடியாயிற்று:
பதினோராயிரத்து நானூறு டப்பாக்கள்.
அவற்றிடம் இனி எதையும் கேட்க முடியாது.
பாதி எண்ணெயில். எண்ணெய் சாது, மெல்லிய பூச்சைப் பொறுத்துக்கொள்ளும்;
தேதியைக் குறைத்து அச்சடித்தால் தாங்கும்.
மீதி வினிகரில், சிவந்த மிளகுத்தூளோடு.
வினிகர் காத்திருந்து கடிக்கும்.

"எல்லாத்தையுமா?" என்றார் எலாதியோ.
அவள் எண்ணை மட்டும் சொன்னாள். ஐயாயிரத்து எழுநூறு.
ஒரு தகட்டைக் கீறக்கூடச் சம்மதிக்காதவள்
அத்தனையையும் அழிக்கச் சொல்லி
ஈரமான காகிதத்தில் கையெழுத்திட்டாள்;
பேனா இரண்டு இடத்தில் பிடிக்கவில்லை,
மேலேயே மறுபடி எழுதினாள்.

விடிவதற்குள் பெனிக்னோ அடுக்கைப் புரட்டிவிட்டான்.
யாரும் திட்டவில்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.
கடற்புறாக்களுக்கு எப்படியோ செய்தி போய்
குப்பை லாரி வருமுன்பே கூரையில் வந்து உட்கார்ந்தன.

சோதித்த தகட்டை
சபேலாவே கொண்டுபோய் அடுக்கின்மேல் வைத்தாள்,
கோடுள்ள பக்கம் மீனுக்கு.
இயந்திரம் எடுத்துக்கொண்டது.
எந்த டப்பா ஆயிற்றோ.